தக்கைக் கம்பெனியும் பிசாசின் நகக்கீறலும்

எங்கள் கணக்கு வாத்தியாருக்கு ஒரு வித்தை தெரியும். வடிவியல் படத்துக்குப் புள்ளிக்கோடு வேண்டுமென்றால், சாக்பீஸைக் கரும்பலகையில் ஒரு தினுசாக நிமிர்த்திப் பிடித்து, அழுத்தி, 'டர்ர்ர்' என்று இழுப்பார். அளந்து வைத்த மாதிரி வரிசையாகப் புள்ளிகள் விழும். நாங்கள் முயன்றால் கிறீச்சென்று கத்தும். பல் கூசுவதுதான் மிச்சம். வழுக்கிக்கொண்டு போக வேண்டிய சாக்பீஸ், பலகையில் ஒட்டுவதும் விடுபடுவதுமாகத் துள்ளிக்கொண்டு போகிறது என்பது பின்னாளில்தான் புரிந்தது.

1960களில் ஹிரோஷிமாவை ஒட்டிய ஒரு தொழிற்சாலையில் 47 பொறியாளர்கள் கிட்டத்தட்ட இதே புள்ளிக்கோட்டைப் பார்த்துத் தூக்கம் கெட்டார்கள். அவர்களுக்குப் பலகையாக இருந்தது ஒரு இன்ஜினின் உட்சுவர். அதில் விழுந்த வரிவரியான தடங்களுக்கு அவர்கள் வைத்த பெயர் 'பிசாசின் நகக்கீறல்'.

அந்தக் கம்பெனி மஸ்டா. நம்மூரில் இந்தப் பெயரைக் கேட்டால், ஒரு தலைமுறைக்குக் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் ஆள் ஏற்றிப் போன 'சுவராஜ் மஸ்டா' வேன்தான் நினைவுக்கு வரும். 1980களில் பஞ்சாபில் கூட்டு முயற்சியாகத் தொடங்கிய வண்டி அது. உள்ளே இருந்ததும் சாதாரண டீசல் இன்ஜின்தான். கார் உலகில் மஸ்டாவுக்கு இருக்கும் பேர் வேறு மாதிரியானது. எல்லோரும் கைகழுவிவிட்ட ஒரு இன்ஜினைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்ற பிடிவாதக்காரக் கம்பெனி என்ற பேர்.

1920இல் ஹிரோஷிமாவில் அது தொடங்கியபோது செய்த பொருள் தக்கை. முதல் உலகப் போரில் வெளிநாட்டுத் தக்கை வரத்துக் குறைந்ததால் உள்ளூர் மரப்பட்டையில் தக்கை செய்து பார்த்தார்கள். அடுத்த ஆண்டே ஜுஜிரோ மட்ஸுடா தலைமைக்கு வந்தார். மீனவக் குடும்பத்துப் பிள்ளை. சிறு வயதில் ஒசாகாவில் கொல்லுப்பட்டறையில் வேலை பழகியவர். 1925இல் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. அதன் பிறகு 'டோயோ கோக்யோ' என்று பெயரைச் சுருக்கிக்கொண்டு இயந்திரங்கள் பக்கம் திரும்பினார்கள். 1931இல் மூன்று சக்கரச் சரக்கு வண்டி வந்தது. மோட்டார் சைக்கிளின் முன்பாதியை ஒரு தட்டுவண்டியோடு இணைத்த மாதிரி இருக்கும். அதற்கு 'மஸ்டா' என்று பெயர் வைத்தார்கள். பாரசீகர்களின் ஒளித் தெய்வமான அஹுரா மஸ்தாவின் பெயர் அது. முதலாளியின் பெயரும் அதற்குள் ஒளிந்திருந்தது. கம்பெனியே அந்தப் பெயருக்கு மாறியது 1984இல்தான்.

தக்கையின் வேலை அடைப்பது. மஸ்டாவின் பின்னாளைய பாடு முழுவதும் அடைப்பது எப்படி என்ற ஒரே கேள்வியைச் சுற்றித்தான்.

1945 ஆகஸ்ட் 6 ஜுஜிரோவுக்கு எழுபதாவது பிறந்தநாள். காலையிலேயே நகருக்குள் முடி வெட்டிக்கொண்டு காரில் திரும்பும் வழியில் அணுகுண்டு விழுந்தது, உயிர் தப்பினார். குண்டு வெடித்த இடத்திலிருந்து தொழிற்சாலை சுமார் 5 கிலோமீட்டர். நடுவே ஹிஜியாமா என்ற சிறு குன்று. அதன் மறைவில் இருந்ததால் கட்டடங்கள் பெரும்பாலும் நின்றன. நகரில் அலுவலகம் என்று சொல்ல எதுவும் மிஞ்சாத நிலையில், மாகாண நிர்வாகமே இங்கே வந்து பல மாதங்கள் இயங்கியது. அந்த டிசம்பரிலேயே மூன்று சக்கர வண்டிகள் மீண்டும் வெளியே வந்தன. இடிபாட்டை அள்ளவும் மரம் ஏற்றவும் அவை இல்லாமல் முடியாது.

பிடிவாதம் என்று பின்னால் பேர் எடுத்த விஷயம் பயத்தில் தொடங்கியது. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானிய அரசு, கார் கம்பெனிகள் அதிகமாகிவிட்டன, சிறியவற்றைப் பெரியவற்றோடு சேர்த்துவிடலாம் என்று யோசித்தது. ஜுஜிரோவுக்குப் பின் தலைவரான ட்ஸுனேஜி மட்ஸுடாவுக்கு அடிவயிறு கலங்கியது. மற்றவர்களிடம் இல்லாத ஒன்று தன்னிடம் இருந்தால்தான் தப்பலாம் என்று கணக்குப் போட்டு ஜெர்மனிக்குப் போனார். அங்கே என்எஸ்யு என்ற கம்பெனி, ஃபெலிக்ஸ் வாங்கெல் என்பவர் உருவாக்கிய சுழல் இன்ஜினை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தது. வாங்கெல் பல்கலைக்கழகப் பட்டம் இல்லாதவர்; நாஜிக் கட்சியில் இருந்தவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 28 கோடி யென் கொடுத்து மஸ்டா உரிமம் வாங்கியது. ஆகவே இதைக் காதல் கதையாகச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. உயிர் பிழைக்கப் போட்ட கணக்கு இது; காதல் பிறகு வந்தது.

சாதாரண இன்ஜினில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும். ஒவ்வொரு முறையும் நின்று திரும்ப வேண்டும். அந்த ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்ற ஒரு தண்டு, காற்றுக்கு வழிவிட வால்வுகள். வாங்கெல் இன்ஜினில் இதெல்லாம் கிடையாது. ஆட்டுக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். குழவி தானும் சுழலும், குழியின் சுவரை ஒட்டிச் சுற்றியும் வரும். இங்கே குழவிக்குப் பதில் வயிறு புடைத்த முக்கோணம். குழியும் வட்டமில்லை, இரண்டு பருப்புள்ள நிலக்கடலை ஓட்டை நீளவாக்கில் பிளந்த மாதிரி நடுவில் லேசாக இடுப்பு ஒடுங்கியது. முக்கோணத்தின் மூன்று முனைகளும் எப்போதும் சுவரைத் தொட்டுக்கொண்டே ஓடும். அதனால் சுற்றிலும் மூன்று அறைகள். சுழலச் சுழல ஒவ்வொரு அறையும் பெரிதாகிச் சிறிதாகும். பெரிதாகும்போது காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும், சிறிதாகும்போது அழுந்தும், பொறி பட்டு வெடித்து விரியும், மறுபடி சுருங்கிப் புகையைத் தள்ளும். முக்கோணம் ஒரு சுற்று வருவதற்குள், அதன் நடுவே செருகிய தண்டு மூன்று சுற்று சுற்றிவிடும். நின்று திரும்பும் பாகம் எதுவும் இல்லாததால் அதிர்வு குறைவு. இன்ஜினும் சின்னது.

எல்லாம் சரி, முனையில்தான் சிக்கல். ஒரு அறையில் வெடிப்பு; பக்கத்து அறையில் அப்போதுதான் உள்ளே வந்த குளிர்ந்த காற்று. இரண்டுக்கும் நடுவே காவல் நிற்பது முக்கோண முனையில் செருகிய ஒரு மெல்லிய பட்டை. பிஸ்டன் இன்ஜினில் இந்தக் காவலைச் செய்யும் ரிங்குகள் சிலிண்டரில் முழுப் பரப்பாகப் படிந்து உட்காரும். இந்தப் பட்டையோ சுவரைக் கோடாக மட்டுமே தொடுகிறது. போதாக்குறைக்கு, கடலை ஓட்டின் வளைவு மாற மாற அது சுவரில் சாயும் கோணமும் மாறிக்கொண்டே இருக்கும். கணக்கு வாத்தியாரின் சாக்பீஸ் மாதிரி, ஒரு வேகத்தில் பட்டை துள்ளத் தொடங்கும். துள்ளிய இடமெல்லாம் சுவரில் ஒரு கீறல். கீறல் ஆழமானால் வாயு கசியும். கசிந்தால் இன்ஜின் காலி.

1963இல் இதற்கென்றே தனிப் பிரிவு அமைத்து, கெனிச்சி யமமோட்டோவைத் தலைவராகப் போட்டார்கள். போருக்குப் பிறகு இதே ஆலையில் பாகம் பூட்டும் தொழிலாளியாகச் சேர்ந்தவர் அவர். ஆட்கள் 47 பேர். எஜமானுக்காகப் பழிவாங்கி உயிர்விட்ட 47 சாமுராய்களின் கதை ஜப்பானில் குழந்தைக்கும் தெரியும். அந்தப் பெயரே இவர்களுக்கும் பட்டப்பெயராகத் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. பட்டைக்கு எந்தெந்தப் பொருளையோ போட்டுப் பார்த்தார்கள். குதிரை எலும்பு, மாட்டு எலும்புகூட மிச்சமில்லை. இதற்கிடையே உள்ளே போன ஆயில் எரிந்து வெள்ளைப் புகை தள்ளியது. நம் மெக்கானிக் பார்த்திருந்தால் 'ரிங் போயிடுச்சு சார்' என்று ஒரே வரியில் முடித்திருப்பார்.

வழி இரண்டு படியாகக் கிடைத்தது. தம்புராவின் ஒவ்வொரு தந்திக்கும் சொந்தச் சுருதி இருப்பதுபோல, பட்டைக்கும் சொந்த அதிர்வெண் ஒன்று உண்டு. இன்ஜினின் ஓட்டம் அந்தச் சுருதியைத் தொடும்போதுதான் பட்டை துள்ளுகிறது என்றால், சுருதியை மாற்றிவிட்டால் போயிற்று. பட்டையின் நுனிக்குப் பக்கத்தில் நீளவாக்கில் ஒன்றும் அதற்குக் குறுக்கே ஒன்றுமாகத் துளை போட்டார்கள். நகக்கீறல் நின்றது. ஆனால் ஆயிரக்கணக்கில் அப்படிப் பட்டை செய்ய முடியாது. அதனால் விற்பனைக்கு வந்த வண்டியில், அலுமினியம் ஊட்டிய கரிப்பட்டையைப் போட்டார்கள். கரி, தானே வழுக்கும் பொருள்.

1967 மே மாதம் 'காஸ்மோ ஸ்போர்ட்' விற்பனைக்கு வந்தது. 491 சிசி அறை கொண்ட இரண்டு சுழலிகள், 110 குதிரைத்திறன். என்எஸ்யுவும் அதே ஆண்டு 'ஆர்ஓ 80' என்ற அழகான காரை வெளியிட்டது. அதன் பட்டைகள் சீக்கிரமே தேய்ந்தன. உத்தரவாதத்தில் இன்ஜின் மாற்றிக் கொடுத்தே கம்பெனி நொந்துபோய், 1969இல் ஆடியோடு இணைக்கப்பட்டது. ஜெனரல் மோட்டார்ஸ், மெர்சிடிஸ் உட்பட உரிமம் வாங்கிய மற்றப் பெரிய கார்க்காரர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

மஸ்டா அமெரிக்காவில் நன்றாக விற்றுக்கொண்டிருந்த நேரத்தில் 1973 எண்ணெய் நெருக்கடி வந்தது. சுழல் இன்ஜின் பெட்ரோலைக் குடிக்கும். காரணத்தைச் சமையலறையில் பார்க்கலாம். சோறு பானையில் இருந்தால் சூடு நிற்கும். தாம்பாளத்தில் பரப்பினால் சட்டென்று ஆறிவிடும். பிஸ்டன் இன்ஜினின் எரிப்பறை பானை, இது தாம்பாளம். நீண்டு தட்டையாக இருக்கும் அறையில் வெடிப்பின் சூடு சுவருக்குப் போய் வீணாகிறது. மூலை வரை தீ போய்ச் சேருவதற்குள் அறையே நகர்ந்துவிடுகிறது. எரியாத பெட்ரோல் புகையோடு போகிறது. விற்காத கார்கள் குவிந்தன. சுமிடோமோ வங்கி கைகொடுத்தது. ஆலைத் தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பாமல், கார் விற்க ஊர் ஊராக அனுப்பினார்கள். நேற்றுவரை ஸ்பானர் பிடித்தவர் இன்று வாசல் மணியை அடித்து 'கார் வேண்டுமா' என்று கேட்கும் நிலை. அந்த நேரத்திலும் இன்ஜினைத் தலைமுழுகாமல் எரிபொருள் செலவைக் குறைத்து, 1978இல் 'ஆர்எக்ஸ்-7' கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டு ஃபோர்டு ஏறத்தாழ கால் பங்கை வாங்கியது.

1991 ஜூனில் பிரான்ஸின் லே மான் 24 மணி நேரப் பந்தயம். முன்னணியில் ஓடிய மெர்சிடிஸ் சூடேறி நின்றுவிட, ஆரஞ்சும் பச்சையுமாக வண்ணம் பூசிய மஸ்டா '787பி' 362 சுற்று ஓடி முதலில் வந்தது. கடைசிக் கட்டத்தை ஓட்டிய ஜானி ஹெர்பர்ட் உடம்பில் தண்ணீர் வற்றி மயங்கி விழுந்தார். வெற்றி மேடையில் அவர் இல்லை. லே மானை வென்ற முதல் ஜப்பானியக் கம்பெனி மஸ்டா. அடுத்து டொயோட்டா வெல்ல 2018 வரை ஆனது. 'மஸ்டா ஜெயித்ததால் பொறாமையில் சுழல் இன்ஜினைத் தடை செய்துவிட்டார்கள்' என்று ரசிகர்கள் இன்றும் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, உண்மை இல்லை. விதிகளை மாற்றும் முடிவு பந்தயத்துக்கு முன்பே எடுத்தாயிற்று. இன்னொன்று, போட்டியாளர்கள் 1,000 கிலோ சுமக்கையில் மஸ்டா 830 கிலோவில் ஓட அனுமதி வாங்கியிருந்தது. ஜெயித்தது இன்ஜின் மட்டுமல்ல, பேச்சுவார்த்தையும்.

கம்பெனி சாப்பிட்டது என்னவோ பிஸ்டன் கார்கள் போட்ட சோறுதான். அதிலும் வம்பு செய்யாமல் இல்லை: பெட்ரோல் இன்ஜினில் 14க்கு 1 என்ற அழுத்த விகிதத்தை 2011இல் கொண்டுவந்தது, மற்றவர்கள் 'இன்ஜின் தட்டும்' என்று பயந்து தொடாத அளவு. 1989இல் வந்த சின்ன ஸ்போர்ட்ஸ் கார் 'எம்எக்ஸ்-5' பத்து லட்சத்தைத் தாண்டி விற்றது. அதற்கும் பிஸ்டன்தான்.

சுழல் இன்ஜினால் சக்கரம் ஓடிய கடைசி மஸ்டா கார் 'ஆர்எக்ஸ்-8', புகை விதிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் 2012இல் நின்றது. பதினோரு ஆண்டு கழித்து அந்த இன்ஜின் வேறு வேலைக்குத் திரும்பி வந்தது. 'எம்எக்ஸ்-30' மின்காரில் 830 சிசி ஒற்றைச் சுழலி இருக்கிறது. சக்கரத்தோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. பேட்டரி தீரும்போது மின்சாரம் தயாரிக்கும், அவ்வளவுதான். வீட்டு ஜெனரேட்டர் மாதிரி. சின்னது, அதிர்வில்லாதது என்ற பழைய குணங்கள் இங்கே கைகொடுக்கின்றன. ஹைட்ரஜனுக்கும் இது ஒத்துவரும் என்று மஸ்டா முன்பே ஓட்டிக் காட்டியிருக்கிறது: காற்று நுழையும் பக்கமும் வெடிக்கும் பக்கமும் தனித்தனி என்பதால், சூடான பாகத்தில் பட்டு ஹைட்ரஜன் முன்கூட்டியே பற்றிக்கொள்ளும் ஆபத்து குறைவு.

முன்பு கலைத்துவிட்ட சுழல் இன்ஜின் பிரிவை மஸ்டா 2024 பிப்ரவரியில் மறுபடி அமைத்தது. இந்த முறை 36 பேர். இன்றைய புகை விதிகளுக்குள் இந்த இன்ஜினைக் கொண்டுவருவது அவர்கள் வேலை. யமமோட்டோவின் ஆட்கள் பட்டையைத் துள்ளாமல் நிறுத்தினார்கள். ஆனால் அந்தப் பட்டைக்கு இன்றும் சொட்டுச் சொட்டாக ஆயில் விட்டே ஆக வேண்டும். விட்ட ஆயில் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து புகையில்தான் போகிறது.