செல்லுக்குள் ஒளிந்த கிருமி

ஜென்டாமைசின் என்று ஓர் ஊசி மருந்து உண்டு. டைபாய்டு கிருமியைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, அதன்மேல் இந்த மருந்தை விட்டால் கிருமி செத்துப்போகும். ஆனால் டைபாய்டு வந்தவருக்கு இதே ஊசியைப் போட்டால் நோய் தீராது. ஏன் தெரியுமா, குழந்தைகளே?

கிருமிகளைப் பிடித்து விழுங்குவதற்கென்றே நம் உடம்பில் சில வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. டைபாய்டு கிருமி அவற்றுக்குள்ளேயே போய் உயிரோடு குடியிருக்கும். காசநோய்க் கிருமியும் அப்படித்தான். இந்த அணுக்கள் ஒவ்வொன்றும் ஒரு செல். செல்லைச் சுற்றிக் கொழுப்பால் ஆன மெல்லிய சவ்வு இருக்கிறது. தண்ணீரில் கரையும் ஜென்டாமைசினால் அதை எளிதில் தாண்ட முடியாது.

தாண்டும் வித்தையை விஞ்ஞானிகளுக்குக் காட்டியது யார் தெரியுமா? எய்ட்ஸ் நோயைத் தரும் எச்.ஐ.வி. வைரஸ்! அந்த வைரஸிடம் 'டாட்' என்று ஒரு புரதம் உண்டு. 1988-இல் ஆலன் ஃபிராங்கெல், கார்ல் பாபோ என்ற இருவர், செல்கள் வளரும் திரவத்தில் அதைக் கலந்தார்கள். அது தானாகவே செல்லுக்குள் புகுந்துவிட்டது. அதே ஆண்டு வேறொரு குழுவும் இதைக் கண்டது.

புரதம் என்பது அமினோ அமில மணிகளைக் கோத்த மாலை. சிறிய மாலைக்குப் பெப்டைடு என்று பெயர். டாட் புரதத்தில் 11 மணிகள் கொண்ட ஒரு துண்டு போதும், உள்ளே நுழைய. அந்த 11-இல் 6 ஆர்ஜினின், 2 லைசின். இந்த எட்டும் நேர் மின்சுமை உள்ளவை. செல்லின் வெளிப்பக்கமோ எதிர் மின்சுமை கொண்டது. இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். ஒட்டிக்கொண்ட பெப்டைடைச் சவ்வு பெரும்பாலும் ஒரு குமிழில் சுருட்டி உள்ளே எடுத்துக்கொள்ளும்.

அப்படியானால் மருந்தை இந்த மாலையோடு கட்டி அனுப்பலாமே! அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் அதைத்தான் செய்தார்கள். ஜென்டாமைசினின் உறவுக்கார மருந்தான கனமைசினை, செல்லுக்குள் நுழையும் வேறொரு பெப்டைடோடு இணைத்தார்கள். அந்த முடிச்சில்தான் அவர்களின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. செல்லுக்கு வெளியே அது அவிழாது. உள்ளே உள்ள வேதிச்சூழலில் அவிழ்ந்துவிடும். அந்தப் பெப்டைடும் கிருமியைக் கொல்லக்கூடியது என்பதால் ஒரே நேரத்தில் இரட்டை அடி! விழுங்கும் அணுக்களுக்குள் இருந்த கிருமிகள் குறைந்தன. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு புழுவிடமும் சோதித்தார்கள், அதிலும் குறைந்தன.

சிக்கல்களும் உண்டு. பெப்டைடை மாத்திரையாக விழுங்கினால், சாப்பாட்டுப் பருப்பைப் போல வயிறு அதையும் செரித்துவிடும். குமிழுக்குள் போன மருந்து பலமுறை அங்கேயே மாட்டிக்கொள்கிறது. குமிழிலிருந்து அதை வெளியே கொண்டுவரும் வழியைத்தான் பல ஆய்வகங்கள் இப்போது தேடிக்கொண்டிருக்கின்றன.