விசாரித்து அறிந்த பிறகே தீர்ப்பு



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய இறுதித் தூதர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

மனிதர்கள் பல சமுதாயங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கப்பட்டது, அவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே என்பதைத் திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் 13ஆம் வசனம் உணர்த்துகிறது. அதற்கு முந்தைய இரண்டு வசனங்கள், ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதையும், ஆதாரமற்ற ஊகங்களையும் விலக்குகின்றன. பரிகாசமும் ஊகமும் அகன்ற உள்ளத்தில்தான் அறிதல் தொடங்கும் என்பதை இந்த வரிசையிலிருந்து நாம் விளங்கிக்கொள்ளலாம்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. பிற சமுதாயத்தாரின் வழக்கங்களை அவர்களுடைய நோக்கில் நின்று விளங்க முயன்றால், நன்மை தீமை என்னும் வேறுபாடே அழிந்துவிடாதா? நம் மார்க்கத்தின் அளவுகோலை நாம் கைவிட்டதாகிவிடாதா? இதற்கு நம் முன்னோர் இருவரின் நூல்கள் விடை தருகின்றன.

முதலாமவர் இப்னு ஃபழ்லான் அவர்கள். கலீஃபா அல்முக்ததிர் பில்லாஹ்வின் தூதுக்குழுவில் ஒருவராக, ஹிஜ்ரி 309இல் (கி.பி. 921) பக்தாதிலிருந்து புறப்பட்டு, மறு ஆண்டு வால்கா நதிக்கரையில் வாழ்ந்த பல்கார் மக்களிடம் சென்றடைந்தார்கள். அங்கே வணிகத்திற்காக வந்திருந்த ரூஸ் என்னும் வடபுலத்தாரையும் கண்டார்கள். ஒரே பாத்திரத்து நீரில் பலரும் முகம் கழுவிய அவர்களுடைய வழக்கம், தஹாரத்தைப் பேணி வளர்ந்த அவர்களுக்கு அருவருப்பைத் தந்தது. அதனைக் கடுஞ்சொற்களாலேயே எழுதினார்கள்.

ஆனால் அவர்கள் அத்துடன் நின்றுவிடவில்லை. ரூஸ் தலைவர் ஒருவரின் உடலைப் படகில் வைத்து எரித்த சடங்கை நேரில் பார்த்தபோது, அருகில் நின்ற ரூஸ் மனிதர் ஒருவர் மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ சொன்னார். அது என்ன என்று விசாரித்தார்கள். அரபியர் அறிவற்றவர்கள், தாம் மிகவும் நேசிக்கும் ஒருவரை மண்ணில் போட்டுப் புழுக்களுக்கு இரையாக்குகிறார்கள், நாங்களோ எரித்து அந்தக் கணத்திலேயே சொர்க்கத்தில் சேர்க்கிறோம் என்பது அம்மனிதரின் கருத்து. தம் சமுதாயத்தைப் பழிக்கும் அந்தச் சொல்லை இப்னு ஃபழ்லான் அவர்கள் மறைக்காமல் பதிவு செய்தார்கள். அன்பினால்தான் அவர்கள் எரித்தார்கள் என்பதை இன்று நாம் அறிவது அந்த நேர்மையால்தான்.

அதே சடங்கில் ஓர் அடிமைப் பெண் கொல்லப்பட்டாள் என்பதையும் அவர்கள் எழுதியுள்ளார்கள். ரூஸ் மக்களின் நம்பிக்கையை எவ்வளவு விளங்கிக்கொண்டாலும் அக்கொலை நியாயமாகிவிடாது. காரணத்தை அறிவது வேறு. அதனை ஏற்பது வேறு.

இரண்டாமவர் அல்பீரூனி (ரஹ்) அவர்கள். கி.பி. 973இல் குவாரிஸ்மில் பிறந்த இப்பேரறிஞர், 1017இல் அந்நாட்டை வென்ற சுல்தான் மஹ்மூதால் கஜ்னிக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். நாற்பது வயதைக் கடந்த பின் சமஸ்கிருதத்தைக் கற்றார்கள். பதஞ்சலியின் யோக நூலை அரபியில் பெயர்த்தார்கள். 1030ஆம் ஆண்டளவில், இந்தியாவைப் பற்றி 80 அத்தியாயங்கள் கொண்ட பெருநூலை நிறைவு செய்தார்கள். அறிவு ஏற்கக்கூடியது, ஏற்க இயலாதது என இந்தியர்களிடமுள்ள இரண்டையும் ஆராய்தல் என்பது அந்நூலின் அரபிப் பெயர் தரும் பொருள். ஆராய்தல் முன்னே நிற்கிறது. ஏற்பதும் மறுப்பதும் அதன் பின்னேதான்.

இது வாதம் செய்து வெல்வதற்கான நூலன்று என்று முன்னுரையிலேயே அறிவித்துவிட்டு, இந்துக்களின் கொள்கையை அவர்களுடைய நூல்களைக் கொண்டே விளக்கினார்கள். கற்றோரின் இறைக்கொள்கையும் பாமரரின் வழிபாடும் ஒன்றல்ல என்று பிரித்துக் காட்டினார்கள். விசித்திரமாகத் தோன்றிய வழக்கங்களை எழுதுமிடத்தில், இஸ்லாத்திற்கு முந்தைய அரபியரின் இழிவான வழக்கங்களையும் நினைவூட்டினார்கள். கஜ்னி அரசவையோடு தொடர்புடையவர்களாக இருந்தும், மஹ்மூதின் படையெடுப்புகள் இந்நாட்டின் செழிப்பை அழித்து, மக்கள் உள்ளத்தில் வெறுப்பை விதைத்தன என்பதை மறைக்கவில்லை.

இத்தனை நேர்மையாக விளங்கிக்கொண்டவர்கள் தம் கொள்கையை விட்டுவிட்டார்களா? இல்லை. சாதிப் பிரிவுகளை விரிவாக விளக்கிய அதே இடத்தில், இறையச்சத்தைத் தவிர வேறெதிலும் மனிதருக்குள் ஏற்றத்தாழ்வு இல்லை என்பதே முஸ்லிம்களின் நிலை எனத் தெளிவாக எழுதினார்கள். அவர்களுடைய அறிவுக்கும் எல்லை இருந்தது. பஞ்சாப் பகுதிக்கு அப்பால் அவர்கள் பயணம் செய்யவில்லை. பெரும்பாலும் பண்டிதர்களையும் அவர்களின் நூல்களையுமே நம்பியிருந்தார்கள். எவரிடம் கேட்கிறோம் என்பதும் நாம் கவனிக்க வேண்டிய ஒன்றே.

அன்பானவர்களே! அலீ (ரலி) அவர்களை யமன் நாட்டுக்கு நீதிபதியாக அனுப்பியபோது, ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்பளிக்க வேண்டாம், மறுதரப்பையும் கேளுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. மறுதரப்பைக் கேட்கும் காழி தம் சட்டத்தைக் கைவிடுவதில்லை. தம் தீர்ப்பை நீதியாக்கிக்கொள்கிறார். ஒரு தனிமனிதர் விஷயத்திலேயே இந்த ஒழுங்கு வேண்டுமெனில், ஒரு முழுச் சமுதாயத்தைப் பற்றிப் பேசும்போது எவ்வளவு வேண்டும்!

பக்கத்து வீட்டில் ஒரு மரணம் நிகழ்கிறது. "அவர்கள் ஏன் எரிக்கிறார்கள்?" என்று நம் பிள்ளை கேட்கிறது. "அவர்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லிவிடுவது எளிது. அவர்களிடமே கேட்டறிந்து, அவர்களின் நம்பிக்கை இது, நம் மார்க்கம் நமக்குக் கற்பித்த அடக்கம் இது என்று இரண்டையும் சொல்லிக்கொடுப்பதே அமானிதம். ஹிஜாபைப் பற்றியும் குர்பானியைப் பற்றியும் நம்மிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதுவோரால் நாம் மனம் நோகிறோம் அல்லவா? நமக்கு எதை எதிர்பார்க்கிறோமோ அதைப் பிறருக்கும் வழங்குவதே நீதி. நாம் சொன்ன விளக்கத்தை அந்த அண்டை வீட்டார் கேட்டால், "ஆம், எங்கள் நம்பிக்கை இதுதான்" என்று ஒப்புக்கொள்வார்களா? அதுவே நமக்குரிய உரைகல்.

விசாரித்து அறியும் பொறுமையையும், அறிந்த பின் நீதி தவறாத நாவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.