ஒலிம்பிக் துடுப்புப் போட்டிக்கும் மூத்தது இந்தச் சென்னைப் பந்தயம்!

சென்னையில் மனை விலை பற்றிப் பேச்சு வந்தால், 'போட் கிளப்' என்ற பெயர் வராமல் இருக்காது. நகரத்திலேயே மிகவும் விலை உயர்ந்த பகுதிகளில் ஒன்று அது. ஆனால், அந்தப் பகுதிக்குப் பெயர் கொடுத்த கிளப் இன்றைக்கும் அடையாற்றின் கரையில் இருக்கிறது, அங்கிருந்து இன்றைக்கும் படகுகள் ஆற்றில் இறங்குகின்றன என்பது சென்னைவாசிகளிலேயே பலருக்குத் தெரியாது.

மெட்ராஸ் போட் கிளப் தொடங்கப்பட்ட ஆண்டு 1867. இந்தியாவின் மிகப் பழைய துடுப்புப் படகு கிளப்களில் ஒன்று. கொல்கத்தாவில் 1858-லும், கொழும்பில் 1864-லும் இதுபோன்ற கிளப்கள் தொடங்கப்பட்டன. ஆங்கிலேயர்கள் எங்கே குடியேறினாலும், தேம்ஸ் நதியில் பழகிய விளையாட்டை உள்ளூர்த் தண்ணீரில் தேடினார்கள். கொழும்பில் அது ஏரியில் கிடைத்தது. சென்னையில் கிடைத்தது, பங்களாக்களும் தோட்டங்களும் சூழ்ந்த அடையாறு.

ஒரே ஆறு, இரண்டு உலகம்

கிளப் தொடங்கிப் பத்து ஆண்டுகளில் தாது வருடப் பஞ்சம் வந்தது. பசியோடு சென்னைக்கு வந்து சேர்ந்த மக்களுக்கு வேலை கொடுக்க, 1877-78-ல் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய் வெட்டப்பட்டது. அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் தாங்கிய பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதி அது. துரைமார்கள் பொழுதுபோக்காகத் துடுப்புப் போட்ட அதே ஆற்றில் வந்து சேர்கிறது, ஒருவேளைக் கஞ்சிக்காக மக்கள் மண் சுமந்து வெட்டிய கால்வாய். அடையாற்றின் கதையில் இரண்டுக்கும் இடம் உண்டு.

கடல் தாண்டிய போட்டி

1898-ல் மெட்ராஸ் கிளப்பும் கொழும்பு ரோயிங் கிளப்பும் மோதும் 'மெட்ராஸ் - கொழும்பு ரெகாட்டா' தொடங்கியது. இந்த ஆண்டுக்கு ஒரு சுவாரஸ்யம் உண்டு. 1896-ல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்ஸில் துடுப்புப் படகுப் போட்டியும் திட்டமிடப்பட்டிருந்தது. கடல் கொந்தளித்ததால் ரத்தாகிவிட்டது. 1900-ல் பாரிஸின் சேன் நதியில்தான் ஒலிம்பிக்ஸில் முதன்முதலாகத் துடுப்புப் போட்டார்கள். ஆக, நம் ஊர்ப் பந்தயம் ஒலிம்பிக் பந்தயத்தைவிட இரண்டு வயது மூத்தது!

இடையில் நடக்காமல்போன ஆண்டுகள் உண்டு. ஆனாலும், நூற்றாண்டைக் கடந்தும் இந்தப் போட்டி நிற்கவில்லை. ஒருமுறை சென்னை அடையாற்றில், இன்னொரு முறை கொழும்பின் நடுவே இருக்கும் பேர வாவியில் என மாறி மாறி நடக்கிறது. ஆண்களுக்கு 'தீபம்' கோப்பை, பெண்களுக்கு 'அடையாறு' கோப்பை. ஆங்கிலேயர்கள் போய்விட்டார்கள், இப்போது படகில் இருப்பவர்கள் இந்தியர்களும் இலங்கையர்களும்.

முதுகைக் காட்டிக்கொண்டு ஜெயிக்கும் ஆட்டம்

இந்த விளையாட்டில் ஒரு வேடிக்கை உண்டு. வீரர்கள் போகும் திசைக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருப்பார்கள். எல்லைக்கோடு அவர்கள் கண்ணில் படாது. முந்திச் செல்பவருக்குப் பின்தங்கியவர் தெரிவார். பின்தங்கியவருக்கோ எதிராளியைப் பார்க்கத் தலையைத் திருப்ப வேண்டும்.

துடுப்பு என்றதும் கைபலம்தான் நினைவுக்கு வரும். உண்மையில் அதிக வேலை கால்களுக்குத்தான். உட்காரும் பலகை சக்கரத்தில் முன்னும் பின்னும் நகரும். பாதங்களை ஊன்றி, கால்களால் உந்தித் தள்ளும்போதுதான் படகு பாய்கிறது. ஒருவர் மட்டும் செல்லும் பந்தயப் படகு சுமார் 8 மீட்டர் நீளம் இருக்கும். ஆனால், சர்வதேச விதிப்படி 14 கிலோ எடை இருந்தால் போதும். நம் வீட்டு சிலிண்டரில் நிரப்பப்படும் கேஸின் எடையே 14.2 கிலோ! அத்தனை லேசான, ஒடுங்கிய படகு என்பதால், கொஞ்சம் சமநிலை தவறினாலும் கவிழ்ந்துவிடும். நீச்சல் தெரியாமல் இந்த விளையாட்டுக்கு வர முடியாது.

எட்டுப் பேர் செல்லும் படகில் ஒன்பதாவதாக ஒருவர் இருப்பார். அவருக்குத் துடுப்பு கிடையாது. முன்னோக்கிப் பார்த்து, திசை திருப்பி, தாளம் சொல்வதுதான் வேலை. 'காக்ஸ்' என்று பெயர். படகில் எடை கூடக் கூடாது என்பதால், ஒல்லியானவர்களுக்கே இந்த இடம். எட்டுப் பேரும் அவர் குரலுக்கு ஒரே நேரத்தில் துடுப்பை இறக்க வேண்டும். ஒருவர் அரை நொடி பிந்தினாலும் மொத்தப் படகும் தடுமாறும்.

தண்ணீர் இருக்கிறது, ஆறு இருக்கிறதா?

கிரிக்கெட்டுக்கு மைதானம் போல, இந்த விளையாட்டுக்கு ஆறு. மைதானம் கெட்டால் புல்லை மாற்றலாம். ஆற்றை என்ன செய்வது?

அடையாறு சுமார் 42 கிலோமீட்டர் ஓடி வங்கக்கடலில் கலக்கிறது. வரும் வழியெல்லாம் கழிவுநீர் சேர்கிறது. மழை இல்லாத மாதங்களில் ஆற்றில் வேகம் இருக்காது. கடலலைகள் கொண்டுவந்து போடும் மணல், முகத்துவாரத்தில் மேடு தட்டிவிடும். கடல்நீர் உள்ளே வந்து போவது குறைந்தால், தேங்கிய தண்ணீர் கறுத்து நாற்றமடிக்கும். பாலத்தில் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு நிமிடத்தில் கடந்துவிடலாம். தண்ணீரிலிருந்து சில அங்குல உயரத்தில் உட்கார்ந்து, மூச்சை இழுத்து இழுத்துத் துடுப்புப் போடுபவருக்கு அந்த வசதி இல்லை. ஆறு எப்படி இருக்கிறது என்பதை அவர் உடம்பே சொல்லிவிடும்.

மழைக்காலத்தில் கதை தலைகீழ். 2015 டிசம்பர் 1-ம் தேதி இரவு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. வழியில் பெய்த பெருமழையும் சேர்ந்துகொள்ள, சைதாப்பேட்டை, ஜாஃபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் பகுதிகள் மூழ்கின. கரையை ஒட்டி வீடு கட்டியவர்கள் அன்றைக்குத்தான் அடையாறு எவ்வளவு பெரிய ஆறு என்பதைப் பார்த்தார்கள்.

இந்த ஆற்றை மீட்க முடியாது என்று ஒதுக்கிவிடவும் முடியாது. முகத்துவாரத்துக்கு அருகே குப்பைமேடாகக் கிடந்த 58 ஏக்கர் ஈரநிலம் சீரமைக்கப்பட்டு, 2011-ல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. குப்பையை அள்ளி, கடல்நீர் வந்து போக வழிவிட்டு, கரையோரச் செடிகளை நட்டதும் பறவைகளும் மீன்களும் நண்டுகளும் திரும்ப வந்தன. ஆற்றின் ஓர் ஓரத்தில் முடிந்தது, மற்ற இடங்களிலும் முடியும்.

படகைப் பழுது பார்க்கலாம், கோப்பையைப் பளபளப்பாகத் துடைத்து வைக்கலாம். அவை கிளப்பின் கையில் இருக்கின்றன. ஆனால், மேலே எங்கோ ஒரு தெருவின் சாக்கடை ஆற்றில் கலப்பதைக் கிளப் மட்டும் தடுத்துவிட முடியாது. அது மாநகராட்சியின் வேலை, அரசின் வேலை, கரையில் குப்பை கொட்டாமல் இருக்க வேண்டிய நம் எல்லோரின் வேலை.

இனி ஒரு நாள் விடிகாலையில் கோட்டூர்புரம் பாலத்தைக் கடந்தால், கிழக்குப் பக்கம் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். காற்று எழுவதற்கு முன் துடுப்புப் போட்டு முடிக்க யாராவது கிளம்பியிருப்பார்கள்.