கம்பி போடுவதற்கு முன் வேரைப் பாருங்கள்

20 வயது தாண்டியும் ஞானப்பல் முளைக்காத பிள்ளைகள் ஹாலிஎலத் தோட்டங்களிலும் உண்டு, கொழும்பிலும் உண்டு. அதை நோயென்று நினைத்துப் பயப்பட வேண்டாம். உலகத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, நான்கு ஞானப்பற்களில் குறைந்தது ஒன்று பிறவியிலேயே இருப்பதில்லை. பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. அதே வாயில் முன்பல்லின் வேர் எப்படி இருக்கிறது என்று பார்க்காமலே, பல்லை நேராக்கக் கம்பி போட்டுவிடுவதற்கு.

மேல் நடுப்பல்லில் வெளியே தெரியும் பகுதி சுமார் 10 மில்லிமீட்டர். எலும்புக்குள் நிற்கும் வேர் சுமார் 13. சிலருக்கு வேர், வெளியே தெரியும் பகுதியின் நீளத்துக்குக்கூட வராது. பல் அழகாகவே இருக்கும், வலியும் கிடையாது. இத்தகைய குட்டை வேர் சில குடும்பங்களில் தொடர்ந்து வருவதையும், பிறவியிலேயே சில பற்கள் இல்லாதவர்களிடம் கூடுதலாகக் காணப்படுவதையும் பின்லாந்து ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பல்லின் எண்ணிக்கையையும் வேரின் வளர்ச்சியையும் பெருமளவு தீர்மானிப்பது மரபணுக்கள் என்பதால் இரண்டும் சேர்ந்து வருவதில் வியப்பில்லை. ஆனால் ஞானப்பல் இல்லை என்பதை மட்டும் வைத்து வேர் குட்டையென்று யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. வாயில் தெரியாத ஞானப்பல் எலும்புக்குள் புதைந்து கிடக்கவும் கூடும். இரண்டையும் காட்டுவது எக்ஸ்ரே ஒன்றுதான்.

கம்பி பல்லை அழுத்தும்போது ஒரு பக்கத்து எலும்பு கரைந்து மறுபக்கம் புதிதாக வளர்கிறது. பல் நகர்வது அப்படித்தான். அந்த அழுத்தத்தில் வேரின் நுனியும் கொஞ்சம் தேய்வதுண்டு. நீளமான வேர் அதைத் தாங்கிக்கொள்ளும். குட்டை வேரில் அதே தேய்மானம் பல்லை ஆட வைத்துவிடும். தேய்ந்த வேர் மறுபடி வளராது. முன்கூட்டியே தெரிந்தால் வைத்தியர் மெதுவான அழுத்தம் கொடுப்பார், சில மாதங்களுக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார், தேவைப்பட்டால் இடையில் நிறுத்துவார். கோணல் சிறியதென்றால் கம்பியே வேண்டாம் என்றும் சொல்லலாம். வேர் குட்டையானவர்கள் ஈறு நோய்க்கு இடம் கொடுக்கவே கூடாது. பற்றிப்பிடிக்கக் கொஞ்ச எலும்பே இருக்கும்போது அதிலும் ஒரு பங்கு போனால் பல் நிற்காது. வெற்றிலையும் புகையிலையும் வழக்கமாக உள்ள வீடுகள் இதை மனதில் வைக்க வேண்டும்.

தோட்டத்துப் பிள்ளையைப் பதுளைக்குக் கூட்டிப்போனால் தாய்க்கு அன்றைய பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும். அரசாங்க ஆஸ்பத்திரியில் கம்பிக்குக் காத்திருப்போர் பட்டியலும் நீளம். அதனால்தான், சீக்கிரம் முடித்துத் தருகிறேன் என்பவர்களிடம் கடன் வாங்கியாவது போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பணம் கொடுக்கும் முன் அந்த ஆள் இலங்கை மருத்துவ சபையில் பதிவுபெற்ற பல் வைத்தியரா என்று கேளுங்கள். தனியார் கிளினிக் என்றால் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி பதிவாகியிருக்க வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபைக்கு எழுதலாம். வைத்தியரின் நடத்தை பற்றிய முறைப்பாட்டை மருத்துவ சபைக்கு அனுப்பலாம். ரசீதும் எக்ஸ்ரே படமும் கையில் இல்லையென்றால் முறைப்பாட்டுக்குக் கால் ஊன்ற இடமிருக்காது. இரண்டையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் அரசகரும மொழி. அரசாங்க ஆஸ்பத்திரியில் விளக்கத்தைத் தமிழில் கேட்பது உங்கள் உரிமை. புரியாத சிங்களப் படிவத்திலோ ஆங்கிலப் படிவத்திலோ கையெழுத்துப் போடாதீர்கள்; யாரையாவது கூப்பிட்டு விளக்கச் சொல்லுங்கள்.

முதல் படிக்குச் செலவே இல்லை. பாடசாலைப் பற்சிகிச்சையாளர்கள் 3 முதல் 13 வயது வரையான பிள்ளைகளை இலவசமாகப் பார்க்கிறார்கள். தேவையானால் பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதித் தருவார்கள். குடும்பத்தில் யாருக்காவது பிறவியில் பல் குறைவென்றால் அதை அங்கேயே சொல்லிவிடுங்கள். கம்பி பற்றிப் பேச்சு வரும் நாளில், “வேர் எவ்வளவு நீளம், எக்ஸ்ரேயில் காட்டுங்கள்” என்று கேளுங்கள். காட்ட மறுப்பவரிடம் பிள்ளையின் வாயைக் கொடுக்காதீர்கள்.