காட்டைக் குத்தகைக்கு விடும் முன்

நம் கோவில்பட்டி வட்டாரத்துப் பலசரக்கு வியாபாரிகள் பலருக்குச் சொந்த ஊரில் பூர்வீகக் கரிசல்காடு உண்டு. கடையை விட்டுவிட்டு உழப் போக முடியாது. குத்தகைக்கு விட்டால் நிலமே போய்விடும் என்று பயந்து தரிசாகப் போடுகிறோம். வேலிக்கருவைதான் மண்டுகிறது. விதிகளைத் தெரிந்துகொண்டால் இந்தப் பயம் பெருமளவு நீங்கும்.

1955ஆம் ஆண்டின் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், தானும் குடும்பத்தாரும் உடலுழைத்துப் பயிரிடுபவருக்கே பாதுகாப்புத் தருகிறது. அவரை நினைத்தபோது வெளியேற்ற இயலாது. ஆனால் குத்தகை பாக்கி, நிலத்தைப் பாழாக்குதல், விவசாயமல்லாத உபயோகம், நமது உரிமையை வேண்டுமென்றே மறுத்தல் ஆகிய காரணங்களுக்கு வருவாய்த்துறையிடம் மனுச் செய்யலாம்.

1956ஆம் ஆண்டுச் சட்டப்படி நியாயக் குத்தகை, வழக்கமான மொத்த விளைச்சலில் 25 சதவீதம்.

ஒப்பந்தம் மூன்று பிரதிகள் வேண்டும். நமக்கு ஒன்று, குத்தகைதாரருக்கு ஒன்று, தாலுகா அலுவலகத்துக்கு ஒன்று. ஓராண்டுக்கு மேற்பட்டால் பதிவும் அவசியம்.

ஒரு வருஷம் நாம் வாய்ச்சொல்லை நம்பி நாலு ஏக்கர் விட்டோம். உளுந்து அறுக்கும் நேரத்தில் மழை கொட்டிவிட்டது. கையில் காகிதம் இல்லாததால் அவர் பயிர்க் காப்பீடு செய்திருக்கவில்லை. அவருக்கு விளைச்சல் போயிற்று. நமக்குக் குத்தகையும் வரவில்லை, கடைப் பற்றும் நின்றது. அவர் மேல் குற்றமில்லை. எழுதாமல் விட்டது நாம்தான்.

ஆகவே, புரட்டாசி விதைப்புக்கு முன்பே எழுதிக் கொள்வோம்.