உங்களுக்குத் தெரியுமா? திதியைச் சொல்லும் வெண்பா

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கந்தசுவாமி கோயிலை எழுப்பியவர்கள், பிரிட்டிஷ் காலத்தில் ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் வேலைக்கு வந்த இலங்கைத் தமிழர்கள். அவர்களுடைய பூர்வீகமான யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால், 31ஆம் நாள் ‘கல்வெட்டு’ என்ற சிறுநூலை அச்சிட்டுக் கொடுப்பது வழக்கம். பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று குடும்பமே அதில் வரிசையாக இருக்கும்.

சுவையானது அதிலுள்ள திதி வெண்பா. இறந்த ஆண்டு, மாதம், பட்சம், திதி எல்லாம் நான்கே அடிக்குள்! திவசம் திதிப்படிதான் வரும், ஆங்கிலத் தேதியைப் பார்த்து வருவதில்லையே. பாட்டு மனப்பாடமாக இருந்தால் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பேரனும் நாளைக் கண்டுபிடித்துவிடலாம்.

கல்வெட்டிலுள்ள இரங்கற்பாக்களில் எல்லோரும் உத்தமர்தான். வம்சாவளிப் பக்கங்களே மெய்யான புதையல். இத்தகைய நினைவு மலர்கள் பலவற்றை ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் படிக்கலாம்.