இரண்டு மந்திரிகள், ஒரு யுத்தம்

சுசீந்திரம் கோவிலுக்குப் போகிறவர்கள் பதினெட்டு அடி ஆஞ்சநேயரைக் கண்டு பிரமிப்பார்கள். தட்டினால் ஸ்வரம் பேசும் கல்தூண்களைப் பார்த்து அதிசயிப்பார்கள். நானும் அதையெல்லாம் முறையாகச் செய்து முடித்துவிட்டுத்தான் மூலஸ்தானத்துக்கு எதிரே போய் நின்றேன்.

ஸ்தாணு என்றால் சிவன்; மால் என்றால் விஷ்ணு; அயன் என்றால் பிரம்மா. மூவரும் ஒரே லிங்க வடிவில், தாணுமாலயன் என்ற ஒரே திருநாமத்துடன் எழுந்தருளியிருக்கிறார்கள். படைக்கிறவர், காக்கிறவர், அழிக்கிறவர் என்று மூன்று பெரிய அதிகாரங்கள் ஒரே பீடத்தில்! யாருக்கு முதல் மரியாதை என்ற தகராறே கிடையாது.

தெய்வங்களால் முடிந்த இந்தக் காரியம் மனிதர்களால் முடிகிறதா? அதிலும், கையில் கத்தியும் பின்னால் சேனையும் உள்ள மனிதர்களால்?

முடியாமற் போன கதை ஒன்று இந்த நாஞ்சில் நாட்டிலேயே இருக்கிறது. கோவிலை விட்டு வெளியே வந்து, தெப்பக்குளத்தைத் தாண்டி வடகிழக்கே பார்த்தால் மலைத்தொடர் தெரிகிறது. அந்த மலைகளின் இடைவெளிதான் ஆரல்வாய்மொழிக் கணவாய். இப்போது அங்கே காற்றாலைகள் சுழன்று கொண்டிருக்கின்றன. 1809-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அந்த வழியாகத்தான் கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளம் இந்த நெல்வயல்களுக்குள் இறங்கிற்று.

இருவருக்கும் ஒரே எதிரி

அப்போது திருவிதாங்கூரின் தளவாயாக இருந்தவர் வேலுத்தம்பி. நாஞ்சில் நாட்டுக்கு மேற்கே, இரணியலுக்கு அருகிலுள்ள தலக்குளத்தில் பிறந்தவர். கண்டிப்பானவர். அவருடைய தண்டனைகளை நினைத்தாலே உத்தியோகஸ்தர்களுக்கு நடுக்கம். 1804-இல் சிப்பாய்களின் படியைக் குறைத்தபோது சேனையே அவருக்கு எதிராகக் கிளம்பியது. அந்தச் சமயத்தில் அவர் யாருடைய உதவியை நாடினார் தெரியுமா? கம்பெனியின் ரெஸிடெண்டாக இருந்த கர்னல் காலின் மெக்காலே துரையின் உதவியைத்தான்! (பிற்காலத்தில் நம் நாட்டுக்கு இங்கிலீஷ் படிப்பைக் கொண்டு வந்தாரே, அந்த மெக்காலேக்கு இவர் பெரியப்பாவோ சித்தப்பாவோ முறை.)

உதவி இலவசமாகக் கிடைக்கவில்லை. 1805-இல் எழுதப்பட்ட உடன்படிக்கையின்படி ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் கம்பெனிக்குச் செலுத்த வேண்டும். கஜானாவில் பணம் இல்லை. ‘பாக்கி எங்கே, பாக்கி எங்கே’ என்று ரெஸிடெண்டு கழுத்தைப் பிடித்தார். நேற்றைய நண்பர்கள் இன்றைக்குப் பகைவர்கள் ஆனார்கள்.

வடக்கே கொச்சி ராஜ்யத்தில் முதல் மந்திரியாக இருந்தவர் பாலியத்து அச்சன் கோவிந்த மேனோன். அவருக்கும் மெக்காலேயிடம் கோபம். ஆனால் அது வேறு கோபம். அரண்மனையில் தமக்குப் போட்டியாக வளர்ந்து வந்த குஞ்ஞு கிருஷ்ண மேனோன் என்பவரைத் தொலைத்துவிட அச்சன் நினைத்தார். அந்த மனிதர் ஓடிப்போய் மெக்காலேயிடம் அடைக்கலம் புகுந்தார். ரெஸிடெண்டும் அவரைத் தம் பாதுகாப்பில் வைத்துக் கொண்டார்.

இப்படியாக இரண்டு மந்திரிகளும் கைகோத்தார்கள். ஒருவருக்குத் தம் ராஜ்யத்தின் கழுத்திலிருந்த சுருக்கு அவிழ வேண்டும். மற்றவருக்குத் தம் எதிராளியின் தலை வேண்டும். எதிரி ஒருவர்தான், யுத்தம் மட்டும் இரண்டு!

மார்கழி இரவு

வேலுத்தம்பி, பதவியைத் துறந்து மலபார்ப் பக்கம் போய் அமைதியாகக் காலம் கழிக்கப் போவதாகப் போக்குக் காட்டினார். ரெஸிடெண்டும் அதை நம்பினார். 1808 டிசம்பர் 28-ஆம் தேதி இரவு, சுசீந்திரத்தில் தேர்த் திருவிழா நடக்கும் அதே மார்கழி மாதத்தில், இரு ராஜ்யத்துப் படைகளும் கொச்சியில் மெக்காலேயின் மாளிகையைச் சூழ்ந்து கொண்டன. உள்ளே இருந்தவர்கள் இருவர்: மெக்காலே, குஞ்ஞு கிருஷ்ண மேனோன். மாளிகை அகப்பட்டது. இருவரும் தப்பிவிட்டார்கள்! துரை கப்பலேறி உயிர் பிழைத்தார்.

முதல் அடி குறி தவறிய பிறகு என்ன செய்வது? அங்கேதான் ஒரே மூளையும் ஒரே உத்தரவும் தேவைப்பட்டன.

வேலுத்தம்பி தெற்கே திரும்பினார். கொல்லம் ஆண்டு 984, மகரம் முதல் தேதி, அதாவது 1809 ஜனவரி 11, குண்டறையிலிருந்து தம் புகழ்பெற்ற பிரகடனத்தை வெளியிட்டு, ஆயுதம் எடுக்கும்படி ஜனங்களை அழைத்தார். ஜனவரி 15-ஆம் தேதி கொல்லத்தில் கர்னல் சால்மர்ஸின் பட்டாளத்துடன் மோதல், தோல்வி. நான்கு நாள் கழித்து, ஜனவரி 19-ஆம் தேதி, கொச்சியில் மேஜர் ஹியூயிட்டின் பட்டாளத்தின் மேல் அச்சனின் தாக்குதல், அதுவும் தோல்வி. இரண்டு ஊர்களுக்கும் இடையே சுமார் 140 கிலோ மீட்டர் தூரம். இரண்டு தளகர்த்தர்கள், இரண்டு போர்க்களங்கள். இருவருக்கும் மேலே நின்று ‘இங்கே அடி, அங்கே பொறு’ என்று சொல்ல ஓர் ஆள் இல்லை.

கல்யாண வீட்டுக் கோட்டையடுப்பை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெண் வீட்டார் ஒரு பக்கம் உத்தரவு போட, பிள்ளை வீட்டார் இன்னொரு பக்கம் உத்தரவு போட்டால் சாம்பார் என்ன கதியாகும்? சாம்பார் கெட்டால் மோர்க்குழம்பு இருக்கிறது. யுத்தம் கெட்டால்?

ஆரல்வாய்மொழி

இதற்குள் கம்பெனி, கிழக்கே திருநெல்வேலிச் சீமையிலிருந்து கர்னல் செயின்ட் லெஜர் தலைமையில் ஒரு சேனையை அனுப்பிவிட்டது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் பலமான மதில்களும் பீரங்கி மேடைகளும் இருந்தன. நேராக வந்து மோதினால் எளிதில் விழக்கூடியவை அல்ல. ஆனால் மேஜர் வெல்ஷ் என்பவர் சிறு படையுடன், யாரும் ஏற முடியாது என்று நினைத்திருந்த மலைப்பக்கமாக இரவில் ஏறி வந்துவிட்டார். பிப்ரவரி 10-ஆம் தேதி மதில் வீழ்ந்தது. அடுத்த சில நாட்களில் நாகர்கோவில், உதயகிரி, பத்மநாபபுரம் எல்லாம் கம்பெனியின் கைக்குப் போயின.

கொச்சியில் இருந்த கூட்டாளி என்ன செய்தார்? பிப்ரவரி முடிவதற்குள் கம்பெனியுடன் சமாதானம் பேசி ஒதுங்கிக் கொண்டார்.

அச்சனைத் துரோகி என்று ஒரு வார்த்தையில் ஒதுக்கிவிடலாம். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எதற்காக அந்த யுத்தம் என்பதில் இருவருக்கும் ஆரம்பத்திலேயே ஒரே நோக்கம் இருந்ததா? ஜெயிக்கும் வரையில் அந்த வித்தியாசம் வெளியே தெரிந்திருக்காது. தோல்வி வந்ததும் முதலில் பிரிந்தது அந்தத் தையல்தான்.

அமெரிக்கரும் ஆங்கிலேயரும்

‘நம்மவர்கள் என்றைக்கு ஒற்றுமையாக இருந்தார்கள்!’ என்று பெருமூச்சு விட வேண்டாம். இரண்டாவது உலக யுத்தத்தில் ஹிட்லரை எதிர்த்த தளபதிகளின் சண்டை இதைவிடப் பெரிது. 1944-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், பெட்ரோலையும் தளவாடங்களையும் தம் பக்கமே கொடுத்தால் ஒரே பாய்ச்சலில் ஜெர்மனிக்குள் புகுந்துவிடலாம் என்றார் ஆங்கிலத் தளபதி மாண்ட்கோமரி. ‘எனக்குக் கொடுங்கள், நான் போகிறேன்’ என்றார் அமெரிக்கத் தளபதி பாட்டன். பரந்த முனையில் எல்லோரும் சேர்ந்தே முன்னேற வேண்டும் என்றார் இருவருக்கும் மேலே இருந்த ஐசன்ஹோவர்.

சச்சரவு முற்றி, அந்த டிசம்பர் மாதக் கடைசியில், ‘ஒன்று அவர் இருக்கட்டும், அல்லது நான் இருக்கிறேன்’ என்று மேலிடத்துக்கு எழுதும் நிலைக்கு ஐசன்ஹோவர் வந்துவிட்டார். விஷயம் மாண்ட்கோமரிக்கு எட்டியது. அவருடைய தலைமை ஸ்டாஃப் அதிகாரி கிங்காண்ட் நடுவில் ஓடியாடிச் சமாதானம் செய்ய, மாண்ட்கோமரி மன்னிப்புக் கடிதம் எழுதினார். கூட்டணி பிழைத்தது.

அவர்களுக்குள் அன்பு பொங்கி வழிந்தது என்பதல்ல காரணம். எதற்காகச் சண்டை என்பதில் சந்தேகம் இல்லை; கடைசி வார்த்தை யாருடையது என்பதிலும் சந்தேகம் இல்லை. கொல்லத்துக்கும் கொச்சிக்கும் நடுவே இந்த இரண்டும் இல்லாமற் போயின.

யார் விலை கொடுத்தார்கள்?

வேலுத்தம்பியைப் பிடிக்கும்படி அவருடைய மகாராஜாவே உத்தரவு போட வேண்டியதாயிற்று. மார்ச் மாதம் மண்ணடியில், உயிரோடு பிடிபட விரும்பாமல், அந்த வீரர் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டார். அவருடைய தம்பியைக் கொல்லத்தில் தூக்கிலிட்டார்கள். தளவாயின் சடலத்தைத் திருவனந்தபுரத்தில் கண்ணம்மூலையில் பகிரங்கமாகத் தொங்கவிட்டார்கள். கவர்னர் ஜெனரல் மிண்டோ பிரபுவே அந்தச் செயலைக் கண்டித்தார். அச்சனாவது தப்பினாரா? அவரையும் முதலில் சென்னைக்கும் பிறகு காசிக்கும் நாடு கடத்தினார்கள். ஊர் திரும்பாமலே அவர் மறைந்தார். கொச்சி கட்டி வந்த ஒரு லட்சம் ரூபாய்க் கப்பம் 2,76,037 ரூபாயாக ஏறியது.

1810-இல் திருவிதாங்கூர் சிம்மாசனத்தில் அமர்ந்தவர் இருபது வயதை ஒட்டிய ஓர் இளம் பெண், ராணி கௌரி லட்சுமி பாய். ஆண்கள் போட்ட சண்டையின் கணக்கு அவர் தலையில் வந்து விடிந்தது. 1811-இல் ரெஸிடெண்டு கர்னல் மன்றோவையே தம் திவானாக நியமித்தார். அடுத்த ஆண்டு கொச்சிக்கும் அதே மன்றோதான் திவான்!

இரண்டு மந்திரிகள் சேர்ந்து ஒரு மனதாக நிற்க முடியாமற் போன இடத்தில், ஒரே வெள்ளைக்காரர் இரண்டு நாற்காலிகளிலும் உட்கார்ந்து கொண்டார்.

மாலையில் நான் மறுபடியும் கோவிலுக்குள் போனேன். தீபாராதனை நடந்து கொண்டிருந்தது. தட்டு ஒன்று, சுடர் ஒன்று; மூவருக்கும் சேர்த்துத்தான். பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் கன்னத்தில் போட்டுக் கொண்டு, “வீட்டிலே எல்லோரும் ஒற்றுமையா இருக்கணும், தாணுமாலயா” என்று முணுமுணுத்தாள்.

அந்தப் பிரார்த்தனையை இரு நூற்றாண்டுகளுக்கு முன்பு இரண்டு மந்திரிகளும் சேர்ந்து ஒரு முறை செய்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.